பேரம் பேசாமல் வாங்க வந்தவர்

நங்கநல்லூரில் 14 ஆண்டுகள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புவதென்று முடிவானபோது, லாரிக்காரர் சொன்ன கூலியைக் கேட்டதும் பாதிப் பொருள்களையாவது இங்கேயே விற்றுவிட வேண்டும் என்று தோன்றியது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடிபோக மாட்டார்கள், பழைய பொருள் தேடி வருபவர்களும் குறைந்துவிடுவார்கள் என்பதால், ஆனி முதல் வாரத்திலேயே சோபா, ஃப்ரிட்ஜ், பீரோ, கட்டில், கிரைண்டர் ஆகிய ஐந்தையும் படமெடுத்து இணைய விளம்பரத் தளம் ஒன்றில் ஏற்றினேன்.

சோபாவுக்கு 9,000 ரூபாய் என்று போட்டிருந்தேன். 6,000 கிடைத்தால் போதும் என்பதுதான் உள்ளக்கிடக்கை. ஐந்து நிமிடத்தில் ஒருவர் அழைத்து, தாம் ராணுவத்தில் இருப்பதாகவும், பரங்கிமலைக்கு மாற்றலாகி வருவதாகவும், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும் கூறினார். பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருப்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. சீருடையில் எடுத்த படத்துடன் அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்தது. நேரில் வர விடுப்பு இல்லை, பணத்தை இப்போதே அனுப்பிவிடுகிறேன், வண்டி பிறகு வரும் என்றார். நம்பிக்கைக்காக முதலில் 10 ரூபாய் அனுப்பினார்; அது உண்மையாகவே என் கணக்கில் ஏறியது. அடுத்து ஒரு க்யூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தினால் 9,000 வந்துவிடும் என்றார்.

அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவிதான், "காலையில கீரைக்காரம்மாகிட்ட இதே மாதிரி ஸ்கேன் பண்ணித்தானே காசு கொடுத்தீங்க? வாங்குறதுக்கு எதுக்கு அது?" என்று கேட்டாள். திரையைப் பார்த்தேன். 9,000 ரூபாய் செலுத்துவதற்கான பொத்தான் என் விரலுக்காகக் காத்திருந்தது. யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. ஆனால், கேட்ட விலை கிடைத்துவிட்டது என்ற குதூகலத்தில் அது நினைவுக்கு வரவில்லை. முன்பெல்லாம் இத்தகையவர்கள் பணம் கேட்கும் கோரிக்கையை நேரடியாகவே நம் செயலிக்கு அனுப்புவார்கள். தனிநபர்களுக்கிடையே அந்த வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்ட பின்னும் க்யூஆர் கோடு வழி திறந்தே இருக்கிறது. இதைக் கீழ்வீட்டுக்காரரிடம் சொன்னபோது, வாஷிங் மெஷினை விற்கப்போய், "முதல் முறை தவறிவிட்டது, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்" என்ற பேச்சை நம்பி இருமுறை பணம் இழந்த கதையை அவர் அன்றுதான் வாய்திறந்து கூறினார். வெட்கத்தில் ஒரு நாள் பொறுத்து, மறுநாள் இணையப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருக்கிறார். அதற்குள் அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்கள்.

உண்மையாக வாங்க வந்தவர்கள் எவருமே சொன்ன விலைக்குச் சம்மதிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் பார்க்க வந்த இளம் தம்பதியர் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்து, ரப்பர் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். குட்டியானை வாடகை, மாடிக்கு மாடி ஏறும் சுமைகூலி என்று கணக்கிட்டுக் காட்டி 1,500 ரூபாயைக் குறைத்தார்கள். லிஃப்ட் இல்லாத வீட்டில் பொருளின் விலையை நிர்ணயிப்பது படிக்கட்டுதான் என்பதை அன்று கண்டுகொண்டேன். சோபாவும் அதே கணக்கில் 5,500 ரூபாய்க்குப் போயிற்று.

பீரோவுக்கு விலை படிந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து பீரோவைக் கொடுப்பதா என்று மனைவி மறுத்துவிட்டாள். சரி, நாளை வாருங்கள் என்றால், சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று வந்தவர் மறுத்தார். முன்பணம்கூட வாங்காமல் ஞாயிறு வரை இரு தரப்பும் வாக்கை நம்பிக் காத்திருந்தோம். அவரும் சொன்னபடி வந்து எடுத்துச் சென்றார்.

கட்டில் மட்டும் போகவில்லை. நல்ல தேக்கு, பழுதே இல்லை. பார்க்க வந்த ஒரு பெரியம்மா மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் யார் படுத்திருந்தார்கள் என்று கேட்டார். என் அம்மா படுத்திருந்தார், இறந்தது மருத்துவமனையில் என்று உள்ளதைச் சொன்னேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் திரும்ப அழைக்கவில்லை. அதில் அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பிறகு ஒரு தச்சர் டேப்பால் அளந்து, அறுத்தால் தேறும் பலகையைக் கணக்கிட்டு ஒரு விலை சொன்னார். விலை நியாயமானதுதான், ஆனால் 'அறுத்தால்' என்ற சொல்லைக் கேட்ட பிறகு விற்க மனம் வரவில்லை. ஆணிகளைக் கழற்றி லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

கடைசியாகக் கிரைண்டர். பம்மலிலிருந்து ஒரு பெண்மணி, ஊறவைத்த உளுந்தையும் அரிசியையும் தனித்தனிப் பாத்திரங்களில் மூடி, பேருந்திலேயே எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றார். உளுந்து பொங்கி வரும்வரை அருகிலேயே நின்று தண்ணீர் தெளித்து, மோட்டாரில் கைவைத்துச் சூட்டைப் பார்த்து, குழவி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று 3,500 ரூபாயை 2,800க்குக் கொண்டுவந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்த பின், இனி நீங்கள் மாவுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டுவிட்டு, அரைத்ததில் பாதியை எங்கள் பாத்திரத்தில் வழித்துவைத்துப் போனார்.