அற்புதம் வேண்டாம், அன்றாடம் உதவிய வசனத்தைச் சொல்லுங்கள்

தாண்டவன்வெளி (தொடங்கியவர்)

சபையில் சாட்சி சொல்லுங்கள் என்றதும் நம்மவர்கள் குணமான நோய், கிடைத்த விசா என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றும் விசேஷமில்லாத ஒரு நாளில், குசினியிலோ கடையிலோ வயலிலோ வேதாகமத்தின் ஒரு வரி கைகொடுத்த கதை இருந்தால் எழுதுங்கள். எந்தச் சபை, எந்தச் சமயம் என்ற கணக்கில்லை.

முதலில் நான். எங்கள் ஒழுங்கையில் விடியற்காலை ஜெபக்கூட்டம் ஒலிபெருக்கியோடு நடந்துவந்தது. அயலில் கைக்குழந்தை உள்ள வீடு, இரவு வேலை முடித்து அப்போதுதான் படுக்கிறவர்களின் வீடு எல்லாம் உண்டு. நேரே சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் நீதிமொழிகள் 27:14ஐ வாசித்தேன்: "ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்." மூத்தவர் ஒருவர் கண்ணாடியை மாட்டி, புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே இன்னொருதரம் வாசித்தார். சிரித்துவிட்டார். அடுத்த கிழமை ஒலிபெருக்கிப் பெட்டி கோயிலுக்குள்ளே வந்துவிட்டது.

சந்திவெளி

என்னுடையது கடன் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் குழுக்கடன் தெரியாத வீடு இல்லை. நாலைந்து பெண்கள் சேர்ந்து எடுப்போம். கிழமைக்கிழமை கட்டவேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். காசு வாங்க வருகிற தம்பி பொழுதுபட்டாலும் முற்றத்தை விட்டு எழும்பமாட்டார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டதை, தள்ளுபடி செய்ய இலங்கை அரசாங்கம் முன்வருமளவுக்கு இந்தப் பிரச்சினை முற்றிப்போயிருந்தது.

குழுவில் இருந்த என் கூட்டாளி ஒருநாள், "மச்சி, இன்னொரு கம்பனியில் எடுக்கப்போறன், ஒரு கையெழுத்துத்தான்" என்று வந்து நின்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு மாமியிடம் சொன்னேன். மாமி பெரிய படிப்பில்லாதவர், ஆனால் நீதிமொழிகள் அவருக்கு விரல் நுனியில். "ஆறாம் அதிகாரத்தை எடு புள்ள" என்றார்.

சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டவனுக்கு அங்கே சொல்லியிருப்பதைப் பார்த்தால், ஏதோ பக்கத்து வீட்டுப் பெரியவர் திட்டுவதுபோல இருக்கும். "நீ போய் உன்னைத் தாழ்த்தி, உன் சிநேகிதனை வருந்திக் கேட்டுக்கொள்." கண்ணுக்கு நித்திரை வரவிடாதே என்று வேறு. விடியட்டும், உபவாசம் இருந்து பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. எழும்பிப் போ, அவ்வளவுதான்.

போனேன். அவளுடைய பிள்ளைகள் படுத்திருந்தார்கள். "கையெழுத்து வைக்கமாட்டன், ஆனா உன்ர கொப்பி எல்லாத்தையும் காட்டு" என்றேன். முதலில் முகம் கறுத்துவிட்டது. பிறகு அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஷொப்பிங் பையை எடுத்தாள். எனக்குத் தெரிந்த கடன் ஒன்று. பாயில் விரித்தபோது பாஸ்புத்தகம் மூன்று. புருஷனுக்கே இரண்டுதான் தெரியுமாம். மகளின் கணக்குக் கொப்பியைக் கிழித்து, எந்தக் கிழமையில் யாருக்கு எவ்வளவு என்று எழுதினோம். திங்கட்கிழமைக் கடனைக் கட்டத்தான் புதுக்கடன் கேட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஓடாமல் நின்ற பழைய மோட்டார் சைக்கிளை விற்று, சின்னக் கடனை முதலில் முடித்தார்கள். மற்றதெல்லாம் லேசில் தீரவில்லை, இழுத்தடித்துத்தான் தீர்ந்தது. அவளும் சில காலம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறாள்.

கல்முனை மேசன்

பிளேட் (கொங்கிரீட் கூரை) போட்ட வீடுகளில் மேல்மாடி பிறகு கட்டலாம் என்று கம்பிகளை நீட்டிவிட்டு, ஓரத்தில் சுவர் வைக்காமல் விடுவார்கள். பட்டம் விடுகிற பிள்ளைகள் அங்கேதான் ஓடும். நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்பேன், "காசு வரட்டும் பாப்பம்" என்பார்கள். உபாகமம் 22:8 எனக்குப் பெரிய துணை. புது வீடு கட்டினால் மெத்தைக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் விழுகிறவனின் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் என்று மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு சைவ வீட்டு ஐயாவிடம் சொன்னேன். "உங்கட சாமி சொன்னாரோ எஞ்சினியர் சொன்னாரோ, சரி, நாலு வரி கல் வை" என்றார்.

அதே புத்தகம் 24:15, கூலியைப் பொழுதுபோகுமுன் கொடு, "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்" என்கிறது. கையாளாக வருகிற பொடியனுக்குச் சனிக்கிழமை வரை இழுப்பதில்லை. அன்றன்றே.

சம்மாந்துறை (மேசனுக்குப் பதில்)

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்று எங்கள் நபிமொழியிலும் உண்டு நானா. சொல்லத் தெரியாதவர் இல்லை. பில் பாஸாகும் வரை கொந்தராத்துக்காரன் எங்கே போவான் என்று யாரும் எழுதிவைக்கவில்லையே!

களுவாஞ்சிக்குடி டீச்சர்

ஒரு சின்ன எரிச்சல். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" நல்ல வசனம், நீதிமொழிகள் 15:1. வகுப்பில் தினமும் எனக்கு உதவுகிறது. நான் குரலைத் தாழ்த்தினால் பின்வரிசை வாங்கில் உள்ளதுகளும் தாழ்த்தும். ஆனால் ஊரில் இதை மனைவிமாருக்கு மட்டும்தான் சொல்கிறார்கள். குடித்துவிட்டு வருகிறவருக்கு 20:1 இருக்கிறது, மதுபானம் அமளிபண்ணும் என்று. அதையும் அதே வாயால் வாசியுங்கள்.

வாழைச்சேனை

அப்போஸ்தலர் பவுலின் கடைசிக் கடிதமாகக் கருதப்படுவது 2 தீமோத்தேயு. நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதிய அதே அதிகாரத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் எடுத்துவா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். சிறையில் குளிர், ஆளுக்குப் போர்வை வேண்டும். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

அப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, "என்ன கொண்டு வர?" என்றால் "ஒண்டும் வேணாம் மனே, கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்பார். உபதேசியாராக இருந்தவர், கேட்டு வாங்குவது கூச்சம். மார்கழி மழை வேறு. ஒரு பின்னேரம் அந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பவுலே கேட்டிருக்கார் என்ன" என்றார். பிறகு பட்டியல் வந்தது பாருங்கள்: பழைய சாரம் இரண்டு, காலுறை, கண்ணாடி, பல்லுப்பெட்டி, ரேடியோ, அதற்கு பற்றரி. ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு உப்பு.

தாண்டவன்வெளி (தொடங்கியவர்)

எங்கே தொடங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: நீதிமொழிகளில் மொத்தம் 31 அதிகாரம். இன்றைய திகதி எதுவோ அந்த அதிகாரத்தை வாசியுங்கள், தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும். மாதம் 30இல் முடிந்தால் அன்றைக்கு 30, 31 இரண்டையும் சேர்த்து வாசிக்கவேண்டும். 31ஆம் அதிகாரத்தைப் பெண்களுக்கானது என்று விட்டுவிடுகிற ஐயாமாரே, அதன் முதல் பகுதி ஒரு தாய் மகனுக்குச் சொன்ன புத்தி.