கொழுப்பணு தனக்குத் தானே போடும் தடை: ஆஸ்பிரின் எடையைக் குறைக்குமா?

பாகூர் மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் உயிர்வேதியியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். அட்ரினலின் கொழுப்பணுவில் சைக்ளிக் ஏஎம்பி என்ற, அணுவுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறைக் கூட்டிக் கொழுப்பை உடைக்கிறது என்பது வரை விளங்குகிறது. அதே அணு புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருளைச் சுரந்து அந்த உடைப்பைத் தானே தடுத்துக்கொள்கிறது என்ற இடத்தில்தான் தடுமாறுகிறேன். அப்படியானால், புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் ஆஸ்பிரினால் உடல் இளைக்க வேண்டாமா? கடலூரில் என் பெரியப்பா இதயத்துக்காகப் பல ஆண்டுகளாக அதைச் சாப்பிடுகிறார், எடை குறையவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்:
நல்ல இடத்தில்தான் தடுமாறியிருக்கிறீர்கள் அம்மா. அட்ரினலின் தொலைவிலிருந்து இரத்தத்தின் வழியே வருவது. புரோஸ்டாகிளாண்டினோ பிறந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு விரைவில் சிதைந்துபோவது. சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடிலிருந்து ஒரு நொதி அராகிடோனிக் அமிலத்தை வெட்டியெடுக்க, ஆஸ்பிரின் முடக்கும் நொதியான சைக்ளோஆக்சிஜனேஸ் அதைப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றத் தொடங்குகிறது. இவ்வாறு உருவான ஈ2 வெளியே வந்து அதே அணுவின் ஈபி3 ஏற்பியில் அமர்ந்ததும், தடைசெய்யும் ஜி புரதம், சைக்ளிக் ஏஎம்பியை உருவாக்கும் அடினைலைல் சைக்ளேஸை அடக்க, சைக்ளிக் ஏஎம்பி குறைந்து, பாஸ்பேட் ஏற்றும் நொதியான புரதக் கைனேஸ் ஏ ஓய்ந்து, கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் பெரிலிப்பினுக்கும் கொழுப்பை உடைக்கும் லிப்பேஸுக்கும் பாஸ்பேட் ஏறுவது தணிந்து, உடைப்பும் குறைந்துவிடுகிறது. இன்சுலினும் உடைப்பைத் தடுக்கிறது. ஆனால் அது, உருவான சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தூண்டுகிறது. இன்சுலினுக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் பாடநூல்கள் புரோஸ்டாகிளாண்டினின் இந்தத் தடைக்கு ஒரு வரியே தருவது என் நெடுநாள் மனக்குறை.

மருந்தியல் ஆய்வர், புதுச்சேரி:
பெரியப்பா உட்கொள்வது பெரும்பாலும் 75 மில்லிகிராம் போன்ற சிறிய அளவாகவே இருக்கும். அது குறிவைக்கும், இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால், ஆஸ்பிரின் முடக்கிய நொதிக்குப் பதிலாகப் புதியதை அதனால் செய்துகொள்ள இயலாது. உட்கரு உள்ள கொழுப்பணு செய்துகொள்ளும். ஆசிரியர் குறிப்பிட்ட வெட்டும் நொதிகளுள் கொழுப்பணுவில் மிகுந்திருக்கும் ஒன்றை மரபணுவிலேயே நீக்கிய எலிகளைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கொழுப்பு மிகுந்த தீனி தின்றும் அவை மெலிந்தே இருந்தன. ஆனால் பசியைத் தணிக்கும் ஹார்மோனான லெப்டினும் இல்லாத எலிகளில், உடல் மெலிந்தபோதிலும், கொழுப்பு வேறு உறுப்புகளில் சேர்ந்து, இன்சுலினுக்கு உடல் சரிவர இசையவில்லை. எனவே இளைப்பதற்காக யாரையும் ஆஸ்பிரின் பக்கம் திருப்பிவிடாதீர்கள். இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது.

பாகூர் மாணவி:
இருவருக்கும் நன்றி. உடைப்பு குறைந்ததை ஆய்வகத்தில் எப்படி அளப்பார்கள் ஐயா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்:
எலியின் கொழுப்புத் திசுவை நறுக்கி, அணுக்களைப் பிணைத்திருக்கும் புரதத்தை அறுக்கும் கொலாஜினேஸ் நொதி கலந்த நீர்மத்தில் 37 பாகை வெப்பத்தில் ஆட்டிவைத்தால் அணுக்கள் பிரியும். குழாயை மெல்லச் சுழற்றி எடுத்ததும் மற்றவை அடியில் படிய, கொழுப்பணுக்கள் மட்டும் பாலேடு போல மேலே மிதக்கும். உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களை அணு மீண்டும் கோத்துக்கொள்ளக்கூடும். அவற்றோடு உடைந்து வரும் கிளிசராலை மறுபடி பயன்படுத்தும் நொதி அதனிடம் மிகக் குறைவு என்பதால் கிளிசரால் வெளியேறிவிடும். ஆகவே கிளிசராலையே அளப்போம். அட்ரினலின் மட்டும் இட்ட குழாயையும் ஈ2 சேர்த்து இட்ட குழாயையும் ஒப்பிட்டால், இரண்டாவதில் கிளிசரால் குறைந்திருக்கும்.