ஹியர்ரோ ரஷ்யாகிட்ட தோத்தாரா இல்லையா?

வெள்ளைச்சட்டை:
நேத்து பக்கத்து திரியில ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்காரு, "பெரிய டிஃபெண்டர் எல்லாம் கோச்சா வந்தா இப்படித்தான், ஹியர்ரோவப் பாருங்க, ரஷ்யாகிட்ட தோத்துட்டு மூட்டை கட்டுனாரு"ன்னு. படிச்சதுல இருந்து எனக்கு சோறு இறங்கல. பெர்னாண்டோ ஹியர்ரோ ஸ்பெயின் கோச்சா ஒரு மேட்ச் கூட தோத்தது கிடையாது. ஒரு மேட்ச் கூட. 2018 உலகக் கோப்பை, நாலே நாலு மேட்ச். போர்ச்சுகல் 3-3. ஈரான் 1-0. மொராக்கோ 2-2. ரஷ்யா 1-1. இதுல தோல்வி எங்க இருக்குன்னு விரல் வச்சுக் காட்டுங்க பாப்போம். அதுவும் எப்பேர்ப்பட்ட நிலைமை, அப்ப கோச்சா இருந்த லொபெடேகி ரியல் மாட்ரிட் வேலைய ஒத்துக்கிட்டாருன்னு ஜூன் 13ஆம் தேதி, முதல் மேட்ச்சுக்கு ரெண்டே நாள் இருக்கறப்ப ஃபெடரேஷன் தலைவர் ரூபியாலெஸ் அவரைத் தூக்கிட்டாரு, அதுவரைக்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டரா இருந்த ஹியர்ரோ அப்படியே டிராக்சூட்ட மாட்டிக்கிட்டு இறங்குனாரு. அவரைப் போயி தோத்தவருங்கறீங்க.

காம்ப்நூ கார்த்தி:
சரி ப்ரோ, தோக்கல. அப்ப காலிறுதியில குரோஷியாகூட ஆடுனது யாரு? ஸ்பெயினா?

வெள்ளைச்சட்டை:
இதான், இந்த நக்கலுக்குத்தான் பதில் வச்சிருக்கேன். ரூல் புக்க எடுங்க, பத்தாவது விதி. 1-1 ஆனதுக்கு அப்புறம் ரஷ்யா தாண்டுனது பெனால்டி ஷூட்டவுட்லதான், அது மேட்ச்சோட பகுதியே இல்ல. மேட்ச் முடிஞ்சதுக்கு அப்புறம் அடுத்த ரவுண்டுக்கு யாரு போறதுன்னு முடிவு பண்ற ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். கணக்குல அது ட்ரா. ஒரு ஜெயிப்பு, மூணு ட்ரா, தோல்வி பூஜ்யம்.

காம்ப்நூ கார்த்தி:
செம. லொபெடேகியும் ஸ்பெயினுக்கு 20 மேட்ச்ல தோக்கல. ஹியர்ரோவும் தோக்கல. யாருமே தோக்காம ஒரு டீம் கடைசி 16ல வீட்டுக்கு வந்திருக்கு. கல்யாண வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னாங்க, பந்தியில யாரும் உக்காரவே இல்லங்கற கதையால்ல இருக்கு.

பெஞ்சுப்பையன்:
வணக்கம், நான் ஹியர்ரோ ஆடிப் பாத்ததில்ல. ஸ்பெயின் நாலு மேட்ச்சுக்கு முன்னாடி ஓவியேடோன்னு ஒரு கிளப்புக்கு அவர் முழு சீசன் கோச்சா இருந்தாராமே, அது எப்படிப் போச்சு?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
ஏ தம்பிகளா, அன்னைக்கு ஜூலை 1, ஞாயித்துக்கிழமை. மாஸ்கோ லுஷ்னிக்கி. நம்ம நேரத்துக்கு ராத்திரி ஏழரைக்கு மேட்ச். ஏழரைன்னு பாத்தப்பவே எனக்கு சந்தேகந்தான். ரஷ்யாவோட இக்னாஷெவிச் ஓன் கோல் போட்டுத் தந்தாரு, 12ஆவது நிமிஷம். அதுக்கப்புறம் நம்மாளுக பந்த வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்குமா பலகாரம் மாத்திக்கிட்ட மாதிரி குடுத்து குடுத்து வாங்குனானுவ. ஆயிரத்துக்கு மேல பாஸ் தம்பி, உலகக் கோப்பையில அதுவரைக்கும் எவனும் போடாத கணக்கு. கோல் போஸ்ட் எந்தப் பக்கம் இருக்குங்கறதையே மறந்துட்டானுவ. நம்ம பிக்கே கைய மேல தூக்கிட்டு, அதுவும் முதுகக் காட்டிக்கிட்டுக் குதிச்சாரு, பந்து கையில பட்டுச்சு, ரஷ்யாவோட சூபா பெனால்டிய அடிச்சாரு. நான் டிவிய அணைச்சுட்டு, பொறவு மறுபடியும் போட்டேன். அப்பவும் பாஸ்தான் போட்டுட்டு இருந்தானுவ.

காம்ப்நூ கார்த்தி:
இனியெஸ்டாவ பெஞ்ச்ல உக்கார வச்சாரு அண்ணாச்சி. இனியெஸ்டாவ! நாக்அவுட் மேட்ச்ல! 67ஆவது நிமிஷம்தான் இறக்கினாரு. அதுதான் அந்த மனுஷன் ஸ்பெயினுக்கு ஆடுன கடைசி மேட்ச். இதுக்குப் பேரு ட்ராவாம்.

வெள்ளைச்சட்டை:
ஆமா ட்ரா. 1-1. ஸ்கோர் போர்டுல என்ன இருந்துச்சு? 1-1. இனியெஸ்டாவ உக்கார வச்சது சரியா தப்பாங்கறது தனிக் கதை, அதுக்கு வேற திரி தொடங்குங்க. இங்க பேச்சு தோத்தாரா தோக்கலையாங்கறதுதான். ஷூட்டவுட்ல ஹியர்ரோவா போய் அடிச்சாரு? கோக்கே அடிச்சத ரஷ்யா கோல்கீப்பர் அகின்ஃபேவ் பிடிச்சாரு, அஸ்பாஸ் அடிச்சது அவரு ஒரு பக்கம் விழுந்து விட்ட கால்ல பட்டு வெளிய போச்சு. கால்ல பட்டுச்சுய்யா, கால்ல! அது கோச் தப்பா? கிட்டத்தட்ட 14 வருஷம் ரியல் மாட்ரிட், 601 மேட்ச், டிஃபெண்டரா இருந்துக்கிட்டு 127 கோல், மூணு சாம்பியன்ஸ் லீக், அஞ்சு லா லீகா. 2002 கிளாஸ்கோவுல லெவர்குசன ஜெயிச்சு சாம்பியன்ஸ் லீக் கோப்பையத் தூக்குன கேப்டன் அவரு. ஸ்பெயினுக்கு 89 மேட்ச்ல 29 கோல், ரவுல் வந்து தாண்டற வரைக்கும் ஸ்பெயினோட டாப் ஸ்கோரரே ஒரு டிஃபெண்டர்தான். அதே 2002 உலகக் கோப்பையில கேப்டனா அயர்லாந்த ஜெயிச்சு டீம காலிறுதிக்குக் கொண்டு போனாரு. இந்த மாதிரி ஆளப் பத்திப் பேசறப்ப வாய்ல கொஞ்சம் மரியாத வேணும்.

காம்ப்நூ கார்த்தி:
இருங்க இருங்க. அயர்லாந்த என்ன பண்ணாரு? திரும்பச் சொல்லுங்க?

வெள்ளைச்சட்டை:
ஜெயிச்சாரு.

காம்ப்நூ கார்த்தி:
எப்படி ஜெயிச்சாரு?

காம்ப்நூ கார்த்தி:
வெள்ளைச்சட்டை அண்ணே, இருக்கீங்களா?

காம்ப்நூ கார்த்தி:
அவர் வர மாட்டாரு, நானே சொல்றேன். 1-1. பெனால்டி ஷூட்டவுட். கடைசி நிமிஷம் அயர்லாந்தோட நயல் க்வின் சட்டையப் பிடிச்சு இழுத்து பெனால்டி குடுத்ததே நம்ம கேப்டன்தான், ராபி கீன் அடிச்சு சமன் பண்ணாரு, அப்புறம்தான் ஷூட்டவுட்டே வந்துச்சு. பத்தாவது விதிப்படி அது ட்ரா தானே? 2002ல ஷூட்டவுட்ல வந்தா ஜெயிப்பு, 2018ல ஷூட்டவுட்ல போனா ட்ரா. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.

ழகரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஸ்பானிஷ்ல சொல்லின் முதலில் வரும் H ஒலிக்காது. 'யெர்ரோ' என்பதே சரி. ஹியர்ரோன்னு எழுதறது தப்பு. அந்தச் சொல்லுக்கு இரும்புன்னு பொருள்.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
இரும்போ துரும்போ, அந்தாளு சட்டையப் பிடிச்சு இழுத்தது நெசம்.

வெள்ளைச்சட்டை:
வீட்ல ஆளு வந்திருந்தாங்க, அதான் லேட்டு, ஓடி ஒளிஞ்சேன்னு யாரும் குதிக்க வேணாம். கார்த்தி, நான் சொன்னது "காலிறுதிக்குக் கொண்டு போனாரு". அந்த அர்த்தத்துலதான் ஜெயிச்சாருன்னு எழுதுனேன். பேச்சு வழக்குல சொல்றது வேற, ரெக்கார்டு வேற. ரெக்கார்டுல தோல்வி இல்ல. அயர்லாந்து மேட்ச்சும் ட்ரா, ரஷ்யா மேட்ச்சும் ட்ரா, போதுமா? அந்த ஷூட்டவுட்ல முதல் ஆளா போய் கோல் அடிச்சதும் அவருதான், அத மட்டும் சௌகரியமா விட்டுட்டீங்க.

காம்ப்நூ கார்த்தி:
அப்ப பேச்சு வழக்குல ரஷ்யாகிட்ட தோத்தாருன்னு நேத்து அந்தத் தம்பி எழுதுனதுல என்ன தப்பு?

வெள்ளைச்சட்டை:
அது தப்பு. ஏன்னா அவர் தோக்கல.

காம்ப்நூ கார்த்தி:
2008 யூரோவுல இத்தாலிய ஷூட்டவுட்ல தட்டுனோம்னு வருஷா வருஷம் இங்க வந்து பெருமை பீத்திக்கிறது யாரு? ஃபேப்ரிகாஸ் கடைசி பெனால்டி அடிக்கிற படத்த முகப்புப் படமா மூணு மாசம் வச்சிருந்தது யாரு? ட்ராவுக்கா அந்தப் படம்?

வெள்ளைச்சட்டை:
அந்த 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை ரெண்டுக்கும் ஃபெடரேஷன்ல ஸ்போர்ட்டிங் டைரக்டர் யாருன்னு தெரியுமா? ஹியர்ரோ. 2007ல இருந்து 2011 வரைக்கும். அதையும் சேத்துப் பேசுங்க.

ழகரம்:
யெர்ரோ.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அரகோனெஸும் டெல் போஸ்கேவும் கோச்சா இருந்து ஜெயிச்சத இவரு கணக்குல எழுதுறிய. பலகாரம் சுட்டவன் ஒருத்தன், கடைக்கு வாடகை குடுத்தவனுக்குப் பேரு.

இன்னொண்ணும் சொல்லிப்புடுதேன். அவர டிஃபெண்டர் டிஃபெண்டர்ங்கிய. 1991-92ல மாட்ரிட் கோச் ராடோமிர் ஆண்டிச் அவரத் தூக்கி நடுவுல, மிட்ஃபீல்டுல போட்டாரு. அந்த ஒரு லீக் சீசன்ல மட்டும் 21 கோல். நடுவுல ஆடி அடிச்ச கோலு, ஃப்ரீ கிக்கு, பெனால்டின்னு எல்லாத்தையும் கூட்டி டிஃபெண்டர் அடிச்ச கோலுன்னு சொன்னா அது என்னய்யா கணக்கு. மேல ஏறி அடிச்சவன மேல நின்னு அடிச்சவன்னுதான் சொல்லணும்.

வெள்ளைச்சட்டை:
அண்ணாச்சி, உங்க மேல மரியாத இருக்கு, ஆனா இது அபாண்டம். 1993 நவம்பர், செவியா, டென்மார்க் மேட்ச். அடுத்த வருஷம் அமெரிக்கா உலகக் கோப்பைக்கு இடம் உறுதியாகணும்னா ஜெயிக்கணும். ஆரம்பத்துலயே நம்ம கோல்கீப்பர் சுபிசரேட்டாவுக்கு செகப்பு அட்டை. பத்து பேரு. உள்ள வந்த கோல்கீப்பர் கனிசாரெஸுக்கு ஸ்பெயின் சட்டையில அதுதான் முதல் மேட்ச். அந்த நிலைமையில கார்னர்ல எகிறித் தலையால முட்டி 1-0. முட்டுனவரு யாரு? இது பெனால்டியா? ஃப்ரீ கிக்கா?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அந்த கோல நான் மறப்பனா. மறுநாள் பேப்பர்ல கடைசிப் பக்கத்துல கீழ மூணு வரி போட்டிருந்தான், அதுல பேரையும் தப்பாப் போட்டிருந்தான். டீக்கடையில நாலு பேரு கிரிக்கெட் பேசிக்கிட்டு இருந்தானுவ, நான் மட்டும் அந்த மூணு வரியத் திரும்பத் திரும்பப் படிச்சேன். நல்ல ஆட்டக்காரன்யா. யாரு இல்லன்னா. கோச்சுன்னு சொன்னாத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

காம்ப்நூ கார்த்தி:
அண்ணாச்சி சொன்னதுக்கு மேல என்ன இருக்கு. ஆட்டக்காரனா பெரியாளு, ஒத்துக்கறேன், எங்க பார்சிலோனாவுக்கு எதிரா அவர் போட்ட ஃபவுலுக்கெல்லாம் வேற எவனா இருந்தாலும் பாதி மேட்ச் வெளியதான் உக்காந்திருப்பான், அது போகட்டும். அன்னைக்கு ரஷ்யாவுக்குக் கடைசி பெனால்டி அடிச்சு அனுப்பி வச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா? செரிஷெவ். உங்க மாட்ரிட் அகாடமியில வளந்த பையன். சஸ்பென்ஷன்ல இருக்கறவன ஸ்பெயின் கிளப்புகளோட கோப்பையான கோபா டெல் ரேல காடிஸுக்கு எதிரா இறக்கிவிட்டு போட்டிய விட்டே துரத்தப்பட்டீங்களே, அதே செரிஷெவ். பேப்பர் படிக்கத் தெரியாத கிளப்பு, ரூல் புக்க எடுன்னு எங்களுக்குப் பாடம் நடத்துது.

வெள்ளைச்சட்டை:
திரிய திசை திருப்பாதீங்க.

பெஞ்சுப்பையன்:
ஓவியேடோ பத்தி யாராவது சொல்லுங்களேன். 2016-17ல செகுண்டாவுல, அதாவது ஸ்பெயின் ரெண்டாவது டிவிஷன்ல, எட்டாவது இடம்னு பாத்தேன். ப்ளேஆஃப் கிடைக்கல போல. அது நல்ல சீசனா கெட்ட சீசனா?

காம்ப்நூ கார்த்தி:
யாரு திசை திருப்பறது? போன வருஷம் சாம்பியன்ஸ் லீக் திரியில என்னப் பாத்து "உனக்கு ஃபுட்பாலே தெரியாது, போய் கேரம் ஆடு"ன்னு எழுதிட்டு, ராத்திரியோட ராத்திரியா பதிவ அழிச்சது யாரு? நான் மறக்கல. படம் எடுத்து வச்சிருக்கேன்.

வெள்ளைச்சட்டை:
கேரம் ஆடறவங்களக் கேவலப்படுத்தக் கூடாதேன்னுதான் அழிச்சேன்.

ஆஃப்சைடு அண்ணாச்சி:
அட விடுங்கப்பா. கேரம் என்ன லேசுப்பட்ட ஆட்டமா. எங்க தெருவுல ஒருத்தரு

ஆஃப்சைடு அண்ணாச்சி:
பேரப்புள்ள கை பட்டுட்டு. என்ன சொல்ல வந்தேன்னா, எங்க தெருவுல ஒருத்தரு கேரம்ல மாநில அளவுல ஆடுனவரு. அவரு சொல்லுவாரு, கடைசிக் காய விட்டவன்தான் தோத்தவன், முன்னாடி எத்தன காய் போட்டாங்கறது பேச்சே இல்லன்னு.

வெள்ளைச்சட்டை:
அண்ணாச்சி, கேரம்ல பத்தாவது விதி இல்ல.

சரி, எல்லாருக்கும் சேத்து ஒரே பதிலா சொல்லி முடிக்கறேன், இதுக்கு மேல நான் வர மாட்டேன். 2003ல லீக் ஜெயிச்ச மறுநாளே டெல் போஸ்கேவையும் ஹியர்ரோவையும் ஒண்ணா அனுப்பி வச்சுது மாட்ரிட் நிர்வாகம், அதுல எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கு, அதுக்கப்புறம் கத்தாருக்கும் போல்டனுக்கும் போய் ஆடி மரியாதையா ரிட்டயர் ஆனாரு. 2014-15ல மாட்ரிட்ல அன்செலோட்டிக்கு உதவிக் கோச்சா இருந்தாரு, அதுக்கும் யாராவது வந்து அந்த வருஷம் லீக் கிடைக்கலையேம்பீங்க. 2018ல யாரும் தொடப் பயந்த நெருப்பக் கையில எடுத்தாரு, போர்ச்சுகல்ல விட அதிக கோல் அடிச்சதால குரூப்ல முதல் இடம். ரொனால்டோ ஹாட்ரிக் அடிச்சும் அந்த மேட்ச் தோக்கல. மொராக்கோகிட்ட கடைசியில அஸ்பாஸ் குதிகால்ல தட்டி விட்டது விஏஆர்ல, அதான் வீடியோ பாத்து முடிவு பண்றதுல, கோலாச்சு, அதுவும் தோக்கல. ரஷ்யாவும் தோக்கல. முடிஞ்சதும் ஜூலை 8ஆம் தேதி ராஜினாமா, ஸ்போர்ட்டிங் டைரக்டர் வேலைக்கே திரும்பி வாங்கன்னு கூப்பிட்டும் போகல. அந்த ரோஷம் எத்தன பேருக்கு வரும்? நாலு மேட்ச், தோல்வி பூஜ்யம். எழுதி வச்சுக்கங்க.

காம்ப்நூ கார்த்தி:
தோக்காதவர் ஏன் ராஜினாமா பண்ணாரு?

ழகரம்:
'பெர்னாண்டோ' என்பதும் சரியல்ல. ஃபெர்னான்தோ.

வெள்ளைச்சட்டை:
ரோஷம்னு சொன்னேன்ல. படிக்கத் தெரியாதா? ரோஷம் இருக்கறவன் ட்ரா பண்ணாலும் ராஜினாமா பண்ணுவான்.

காம்ப்நூ கார்த்தி:
"இதுக்கு மேல நான் வர மாட்டேன்"னு சொல்லி ஒரு மணி நேரம் கூட ஆகல.

வெள்ளைச்சட்டை:
1-1.

பெஞ்சுப்பையன்:
ஓவியேடோ?

ஆஃப்சைடு அண்ணாச்சி:
தம்பி பெஞ்சு, நீ இன்னும் இங்கதான் இருக்கியா. சாப்பிட்டியா?