ஜீன் மாத்துன நெல்லு போடலாமா? வீட்ல அப்பாவோட ஒரே சண்டை

தேவகோட்டைக்காரன்:
வணக்கம் மக்களே. தேவகோட்டை பக்கம் எங்களுக்கு கொஞ்சம் வயல் இருக்கு, கண்மாய் பாசனம்தான், கண்மாய் நெறஞ்சா நெல்லு, இல்லேன்னா சும்மா கெடக்கும். 2025 மே மாசம் ஜீன் எடிட் பண்ண ரெண்டு நெல் ரகம் அறிவிச்சாங்கல்ல, அதுல ஒண்ணு வறட்சி தாங்கும்னு படிச்சிட்டு அப்பாகிட்ட சொன்னேன், மனுசன் சாமியாடிட்டாரு. ஜீன்ல கை வச்ச சோறு நம்ம அடுப்புல ஏறக்கூடாதாம். கூத்து என்னன்னா அப்பத்தாவுக்கு தெனம் இன்சுலின் ஊசி போட்டு விடுறதே அவருதான். இன்சுலினும் இந்த மாதிரிதான் செய்றாங்கன்னு ஃப்ரெண்டு சொல்றான், நெசமா? அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?

மருந்துக்கடை மாப்ள:
நெசம்தான் பங்கு. முன்னாடி பன்னி, மாடு கணையத்துல இருந்துதான் எடுத்தாங்க. 1978ல மனுச இன்சுலின் ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வச்சு அதையே செய்ய வச்சாங்க, 1982ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி கெடச்சிச்சு. இப்ப ஈஸ்ட்லயும் பண்றாங்க, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அப்டித்தான். ஆனா இதுல பாக்டீரியா டேங்குக்குள்ளயே வளந்து முடிஞ்சிரும், சுத்தம் பண்ணி இன்சுலினை மட்டும் எடுப்பாங்க. வயல்ல போடுறது தெறந்தவெளி. அதனால அப்பாவ ரொம்ப கிண்டல் பண்ணாதீங்க. பன்னி கதைய மட்டும் அப்பத்தாகிட்ட சொல்லிராதீங்க 😂

புதுவயல் மில்லு:
பயிர்லயே ரெண்டு ஜாதி இருக்கு தம்பி. பிடி பருத்தி, 2002ல வந்தது, மண்ணுல இருக்கற பாக்டீரியாவோட ஜீனை உள்ள வச்சது, மொதல்ல காய்ப்புழு அடங்குச்சு, அப்புறம் இளஞ்சிவப்பு காய்ப்புழு அதுக்கும் பழகிருச்சு. பிடி கத்திரிக்காய 2010ல இங்க நிறுத்தி வச்சாங்க, பங்களாதேஷ்ல 2014லேருந்து பயிர் பண்றாங்க. நீங்க சொல்ற நெல்லு அப்டி இல்ல, வெளி ஜீன் கெடையாது, நெல்லோட சொந்த ஜீன்லயே ஒரு எடத்துல வெட்டி விட்டது. அந்த ரெண்டுல கமலாங்கறது நம்ம மில்லுக்கு ஆந்திரா பொன்னின்னு வருதே அந்த பிபிடி 5204ல பண்ணது, 20 நாள் முந்தி அறுவடைங்கறாங்க. வறட்சியும் உப்பும் தாங்கறது இன்னொண்ணு, பூசா டிஎஸ்டி ரைஸ் 1, எம்டியு 1010ங்கற ரகத்துல பண்ணது. வறட்சி தாங்கும்னா தண்ணியே இல்லாம வெளையும்னு நெனச்சிராதீங்க. கமலாவும் 20 நாள் கொறஞ்சும் 130 நாள் பயிரு, ஒங்க கண்மாய் அத்தன நாள் நிக்குமா?

விதைநெல்:
எல்லாரும் நெல்லு நல்லதா கெட்டதான்னே பேசுறீங்க, எனக்கு கடுப்பு வேற. 2022ல வெளி ஜீன் இல்லாத எடிட் பயிருக்கெல்லாம் வெளி ஜீன் வச்ச பயிருக்கான ஜிஎம் விதியில இருந்து விலக்கு குடுத்துட்டாங்க, அந்த முழு சோதனை இதுக்கு கெடையாது. இந்த நெல்லு ஹைபிரிட் இல்ல, அதாவது ஒட்டு வெத இல்ல, பிடி பருத்தி மாதிரி வருசா வருசம் வாங்க வேணாம், எடுத்து வச்சு வெதைக்கலாம், சரி. ஆனா வெட்டுற டெக்னிக் மேல வெளிநாட்டுக்காரன் பேடண்ட், அதாவது காப்புரிமை இருக்கே, அதுக்கு யாரு பதில் சொல்றது?

தேவகோட்டைக்காரன்:
நன்றிண்ணே. இன்சுலின் மேட்டர அப்பாகிட்ட சொன்னேன், "மருந்து வேற சோறு வேற"ன்னு முடிச்சிட்டாரு. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல கேக்கலாம்னு இருக்கேன்.

புதுவயல் மில்லு:
போங்க, போறப்ப வயல் மண்ணையும், போர் இருந்தா அந்த தண்ணியையும் டெஸ்டுக்கு கொண்டு போங்க. உப்பு எவ்ளோன்னு தெரியாம அந்த ரகம் வேணும் இந்த ரகம் வேணும்னு கேட்டா அவங்களும்தான் என்ன சொல்லுவாங்க.