தம்பியை முதல்முறை கவுன்சிலிங் கூட்டிப் போகிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். தம்பி விசைப்படகுத் தொழில். இலங்கைச் சிறையிலிருந்து திரும்பி நாலு மாசம் ஆச்சு, ராத்திரித் தூக்கமே இல்லை. கிழிந்த வலையை மடியில் போட்டு, ஊசியில் நூல் கோத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறான். ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை.

ராமநாதபுரத்தில் தனியாக கிளினிக் நடத்தும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன். மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம்தான் போகணுமாம். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் சங்கிலியோடு 28 பேர் தீயில் போனதை அம்மா மறக்கவில்லை. மனசுக்கு வைத்தியம் என்றாலே அழுகிறார். இது பேசும் சிகிச்சைம்மா, கட்டிப்போட மாட்டாங்க என்று சொல்லிச் சொல்லித் தேற்றுகிறேன்.

தம்பிக்கு வேறு பயம். கடற்கரையில் பேச்சுக் கிளம்பினால் எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்களாம். 2017 மனநலச் சட்டத்தில் ரகசியம் காக்கணும் என்று இருக்கிறது, உயிருக்கு ஆபத்து மாதிரி சில சமயம் மட்டும் விலக்கு. இதை முதல் நாளே சைக்காலஜிஸ்ட்டிடம் நேராகக் கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்வாரா?

அப்புறம் பணம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு ஓடாது. நடுவில் நிறுத்தி மறுபடி தொடரலாமா? காற்று மாறிக் கரைசேரப் பிந்தினால், போகாத நாளுக்கும் கட்டணம் கேட்பார்களா? நான் உள்ளே கூட உட்காரலாமா? அவர் ஒத்துவரவில்லை என்றால் எத்தனை தடவை பார்த்துவிட்டு மாறினீர்கள்?

அரசு மனநல உதவிக்கான இலவச எண் 14416 எழுதி வைத்திருக்கிறேன். போய் வந்தவர்கள் கமெண்டிலோ இன்பாக்ஸிலோ சொல்லுங்கள் அக்கா, அண்ணன்மாரே.