புதுப்பிப்பு: இறுகாத சிலிகோன் அச்சு சரியாகிவிட்டது

எண்ணெய்க் களிமண்ணில் செய்த 6 செ.மீ. யானைக்கு அச்சு எடுக்க ஊற்றிய பிளாட்டினம் சிலிகோன் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் ரப்பர் போன்ற பொருள்), இரண்டு நாளாகியும் பொம்மையைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் களிமண்ணில் இருந்த கந்தகம்தான்; அது பட்டால் பிளாட்டினம் சிலிகோன் இறுகாது. முதலில் அக்ரிலிக் வார்னிஷ் பூசிப் பார்த்தேன். காது மடிப்புகளில் பூச்சு சரியாகப் படியவில்லை, அங்கே மறுபடியும் பிசுபிசுப்பு. அப்புறம் டின் வகை சிலிகோனுக்கு (வெள்ளீய வினையூக்கியால் இறுகுவது, கந்தகம் அதைத் தடுக்காது) மாறச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மறுநாள் காலை அச்சு சுத்தமாகக் கழன்றது, தும்பிக்கைச் சுருக்கங்கள்கூட அப்படியே பதிந்திருந்தன!

எதிர்பாராதது ஒன்று: மிஞ்சிய பிளாட்டினம் சிலிகோனைத் தனியாகச் சோதித்தபோது, லேடெக்ஸ் கையுறை பட்ட இடமும் இறுகவில்லை. நைட்ரைல் கையுறையில் அந்தத் தொல்லை இல்லை.

டின் அச்சு நாளடைவில் சற்றுச் சுருங்கும். அதனால் முதல் ரெசின் வார்ப்பை மூலப்படியாக (பிறகு புது அச்சு எடுக்க) எடுத்து வைத்திருக்கிறேன்.