மாதவிடாய் நின்ற பிறகு ஈறில் ரத்தம்: உங்களுக்கும் வந்ததா?

எனக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. உடம்பு திடீரென்று கொதிக்கும், தூக்கம் கெடும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். வாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பல் துலக்கித் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வந்தது. ராத்திரியில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வரும். பிரஷ் குத்துகிறது போல என்று நினைத்து, ரத்தம் வரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துலக்கினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். விட்ட இடத்தில் காரை படிந்து, சில மாதங்களில் ஈறு வீங்கிவிட்டது.

பல் மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, 2, 3, 2 என்று சொல்லிக்கொண்டே போனார். கீழ்க் கடைவாயில் 5 என்றார். அத்தனை மில்லிமீட்டர் ஆழம். 3 வரை பரவாயில்லையாம், அதற்கு மேல் போனால் பிரஷ் எட்டாது. அப்புறம், "பீரியட்ஸ் நின்னு எவ்வளவு நாள் ஆச்சும்மா?" என்று கேட்டார். ஈறுக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தேவையாம். மாதவிடாய் நின்று அது குறைந்தால் ஈறு மெலியும், சிலருக்கு உமிழ்நீரும் வற்றும். நோய்க்கு மூலம் பல்லில் படியும் கிருமிதான், அதைத் தாங்கும் சக்திதான் நமக்குக் குறைந்துபோகிறது என்றார்.

ஈறுக்கு அடியில் இரண்டு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். இப்போது மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்குத் தனியாகக் குட்டி பிரஷ். ரத்தம் நின்றுவிட்டது. 5 இருந்த இடம் 3 ஆகியிருக்கிறது.

---

அக்கா, இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறேன். பல் பிடுங்கப் போனபோது அதைச் சொல்லவே தோன்றவில்லை, கடைசி நிமிஷத்தில்தான் சொன்னேன். இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு, அபூர்வமாகத்தான் என்றாலும், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாமாம். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பல் மருத்துவர், மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர் இரண்டு பேரிடமும் சொல்லுங்கள், போதும்.

---

எனக்கு ஈறு நன்றாக இருக்கிறது, நாக்குதான் எரிகிறது. சூடாக எதையோ குடித்துச் சுட்டுக்கொண்ட மாதிரி, சாயந்திரம் ஆக ஆக அதிகமாகும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வீட்டில் நம்பவும் மாட்டேன் என்கிறார்கள். இந்த வயதுப் பெண்களுக்கு இப்படி வருவதுண்டு என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மனசு ஆறியது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை விட்டதும் கொஞ்சம் தேவலை. வேறு யாருக்காவது இந்த எரிச்சல் உண்டா?